மைக்ரான் கணக்கில் ஒரு வேலை

பல தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றாகச் சேர்க்கும் இடத்தில் வேலை என்று சொன்னால், கேட்பவர்கள் குவிமாடத்தையும் பெரிய ஆடியையும்தான் மனத்தில் கொண்டுவருகிறார்கள். என் பணிக்காலத்தில் பெரும்பகுதி கழிந்தது ஜன்னலே இல்லாத ஒரு நீண்ட சுரங்கத்தில். அங்கே வானம் தெரியாது. நாங்கள் பார்ப்பது நீளத்தை மட்டும்தான்.

விண்மீன் நேர் உச்சியில் இல்லாவிட்டால் அதன் ஒளி ஒரு தொலைநோக்கிக்கு முந்தியும் இன்னொன்றுக்குப் பிந்தியும் வந்து சேரும். முந்தியதைச் சற்றுச் சுற்றவிட்டு, பிந்தியதோடு சமமாக்கிச் சேர்த்தால்தான் குறுக்கீட்டுப் பட்டைகள், அதாவது இரண்டு ஒளியும் கலக்கும்போது மாறி மாறி வரும் வெளிச்சக் கோடுகளும் இருட்டுக் கோடுகளும், தோன்றும். எவ்வளவு சமம்? மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அகச்சிவப்பில் 2.2 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி 0.4 மைக்ரான் அகலத்துக்கு ஒளியை எடுத்தால், இரு பாதைகளுக்கும் இடையே 12 மைக்ரான் வித்தியாசம் வந்தாலே பட்டை காணாமல் போய்விடும். இதற்கிடையே பூமி சுழன்றுகொண்டே இருக்கிறது. தொலைநோக்கிகள் 100 மீட்டர் தள்ளி இருந்தால் பாதை வித்தியாசம் நொடிக்கு 7 மில்லிமீட்டர் வரை மாறும். அதை ஈடுகட்டத் தண்டவாளத்தில் ஓர் ஆடிவண்டி இரவு முழுக்க ஊர்ந்துகொண்டிருக்கும். ஊரும்போது அது ஒரு மைக்ரானில் சிறு பங்குகூடத் தடுமாறக் கூடாது.

ரேடியோ வானியலாளர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். அணுக்கடிகாரத்தோடு அலையைப் பதிவுசெய்து, வட்டில் போட்டு, பிறகு ஓரிடத்தில் உட்கார்ந்து சேர்த்துக்கொள்வார்கள். அகச்சிவப்பில் அப்படிப் பதிவுசெய்யப் போனால் மங்கலான பொருள்கள் எல்லாம் இரைச்சலில் மூழ்கிவிடும். ஒளியையே நேரில் வரவழைக்க வேண்டும். வரும் வழியில் எத்தனையோ ஆடிகள். ஒவ்வொன்றும் 97 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புவதாக வைத்துக்கொண்டாலும், 20 ஆடிகளைத் தாண்டியபின் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும்.

இவ்வளவு பாடு எதற்கு என்பதற்குச் சிலியின் பரனால் மலை நல்ல பதில். அங்குள்ள நான்கு 8.2 மீட்டர் தொலைநோக்கிகளில் ஒன்று தனியாக, 2.2 மைக்ரானில், ஒரு விநாடிக்கோணத்தின் (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு) ஆயிரத்தில் 55 பங்கு அளவுக்குத்தான் பிரித்துக் காட்டும். நான்கையும் இணைத்து 130 மீட்டர் வரை இடைவெளி கிடைக்கும்போது அது மூன்றரைப் பங்காகிறது. கிராவிட்டி என்ற கருவி இப்படித்தான் 2018 மே மாதம், நம் பால்வெளியின் நடுவிலுள்ள கருந்துளையை எஸ்2 என்ற விண்மீன் நொடிக்கு ஏறத்தாழ 7,650 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றித் திரும்பியதைப் பின்தொடர்ந்தது. நடுவிலிருக்கும் தூசியைக் கண்ணுறு ஒளி தாண்டாது. அகச்சிவப்பு தாண்டும். காற்றின் கொந்தளிப்பும் அகச்சிவப்பை அவ்வளவு சீக்கிரம் குலைப்பதில்லை. அது மட்டும் இல்லையென்றால் இந்தத் தொழிலே நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

காற்று கெடுப்பதை எதிர்பார்த்தே இருப்போம். கட்டடம் கெடுப்பதுதான் எரிச்சல். ஒரு பருவத்தில் வானம் அருமையாக இருந்த இரவுகளில்கூடப் பட்டைகளின் துலக்கம், அதாவது வெளிச்சக் கோட்டுக்கும் இருட்டுக் கோட்டுக்கும் உள்ள வேறுபாடு, விழுந்துகொண்டே வந்தது. பாதை நீளத்தின் ஏற்ற இறக்கத்தை அதிர்வெண் வாரியாகப் பிரித்துப் பார்த்தால் ஓரிடத்தில் கூர்மையாக ஒரு முகடு. காற்று அப்படிச் செய்யாது. அது இயந்திரத்தின் வேலை. அன்றிலிருந்து அந்த வளாகத்தில் சுழலும் பொருள் ஒவ்வொன்றும் எங்களுக்குக் குற்றவாளிதான். மின்விசிறி, பம்பு, குளிர்சாதனம் என்று ஒன்றொன்றாக நிறுத்தி, முகடு மறைகிறதா என்று பார்த்தோம். நிறுத்தச் சொன்ன இடத்திலெல்லாம் வாக்குவாதம். கடைசியில் அகப்பட்டது, பக்கத்துக் கருவி ஒன்றைக் குளிர்விக்கும் அமுக்கி. அதன் நடுக்கம் தொலைநோக்கியின் உலோகச் சட்டம் வழியாக ஆடிக்குப் போயிருந்தது. கையை வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்தக் கருவிக்காரர்களுக்கோ எந்தக் கெடுதலும் இல்லை, ஆகவே அவர்களுக்கு அவசரமும் இல்லை. அமுக்கிக்கு அடியில் ரப்பர் வைத்து, ஆடிகளின் முதுகில் அசைவை உணரும் முடுக்கமானிகளை ஒட்டி, அவை சொல்லும் அசைவை வண்டியிலேயே கழித்துவிட ஏற்பாடு செய்தோம். முகடு முழுதாகப் போகவில்லை, ஆனாலும் வேலை ஓடியது.

சரி, இத்தனைக்கும் பிறகு கையில் கிடைப்பது என்ன? படம் இல்லை. தொலைநோக்கிகளை இரண்டிரண்டாக எடுத்தால் பட்டை எவ்வளவு துலக்கமாக இருந்தது என்ற ஓர் எண், மூன்று மூன்றாகச் சேர்த்தால் காற்றின் பிழை தன்னால் கழிந்துபோகும் ஒரு கட்டக்கோணம் (பட்டைகள் எவ்வளவு இடம் பெயர்ந்திருக்கின்றன என்பதன் அளவு). நான்கு தொலைநோக்கிகளுக்கு ஆறு இணைகள். புதிதாக வருபவர்கள் இதைப் பார்த்ததும் முகம் வாடுகிறார்கள். உடனே படத்தை மீட்டுத்தரும் நிரலை ஓட்டத் துடிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அளக்காத இடங்களை நிரல் ஏதோவொரு ஊகத்தால்தான் நிரப்புகிறது. படத்தில் தெரியும் புள்ளி விண்மீனுடையதா, ஊகத்துடையதா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது.

1920இல் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் மைக்கல்சன், பீஸ் என்ற இரு விஞ்ஞானிகள் திருவாதிரையின் விட்டத்தை அளந்தபோது படமா வைத்திருந்தார்கள்? 100 அங்குலத் தொலைநோக்கியின் மேல் 20 அடி உத்திரத்தைப் பொருத்தி, ஆடிகளை நகர்த்தி நகர்த்தி, பட்டை மறையும் இடைவெளியைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்து, அதிலிருந்து விட்டத்தைக் கணக்கிட்டார்கள். திருவோண விண்மீன் வேகமாகச் சுழன்று தட்டையாகியிருக்கிறது என்பதும் 2001இலேயே பட்டையின் துலக்க எண்களிலிருந்து தெரிந்துவிட்டது. அதே மவுண்ட் வில்சனில் உள்ள சாரா தொலைநோக்கி அணி அதன் மேற்பரப்பைப் படமாக்கியது 2007இல்தான். படம் புதிதாகச் சிலவற்றைச் சொன்னது உண்மை, நடுப்பகுதி கோட்பாடு சொன்னதைவிடவும் மங்கல் என்பதைப் போல. ஆனால் அதை நம்ப முடிந்ததற்குக் காரணம் முன்பே கையிலிருந்த எண்கள்.

இன்னொரு தலைவலி, ஒப்பீட்டு விண்மீன்கள். நம் பொருளைப் பார்ப்பதற்கு முன்னும் பின்னும் விட்டம் தெரிந்த ஒரு விண்மீனைப் பார்த்து, கருவி எவ்வளவு கெடுக்கிறது என்று கணக்கிடுவோம். அந்த 'தெரிந்த' விண்மீனே சில சமயம் இரட்டையாக இருந்து தொலைக்கும். அதை நம்பிய இரவின் தரவு முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

ஆகவே எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். படம் மீட்கும் நிரலைத் திறப்பதற்கு முன், தொலைநோக்கிகளின் இடைவெளிக்கு ஏற்பத் துலக்கம் மாறுவதைக் காட்டும் வளைகோட்டை மட்டும் பார்த்து, விண்மீனின் விட்டம் எவ்வளவு, உருண்டையா தட்டையா, பக்கத்தில் துணை உண்டா என்று தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். முணுமுணுப்பார்கள். படம் வந்தபின் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், முதலில் படத்தைத்தான் சந்தேகப்படுவோம்.