சிவப்பு அடிபம்பு

தர்மபுரி மாவட்டத்தில் குடிநீர் பரிசோதிக்கும் வேலையில் சேர்ந்தபோது, கெட்ட தண்ணீர் என்றால் கலங்கியிருக்கும், இல்லையென்றால் நாறும் என்றே நினைத்திருந்தேன். பென்னாகரம் பக்கத்து ஊர் ஒன்றின் அடிபம்பில் வந்ததோ பளிங்குத் தண்ணீர். வெயிலில் அலைந்த களைப்பு. வயிறு நிறையக் குடித்துவிட்டுத்தான் சோதனைப் பெட்டியைத் திறந்தேன்.

சோதனை என்னவோ எளிதுதான். தண்ணீரில் சிவப்பு மருந்தைச் சில சொட்டு விட வேண்டும். அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் புளோரைடு என்ற உப்பு கூடக்கூட, சிவப்பு வெளுத்து மஞ்சளாகும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தரநிலை. நான் குடித்த தண்ணீர் எலுமிச்சம்பழ நிறத்தில் நின்றது.

யாரும் கொண்டுவந்து கொட்டிய விஷமல்ல இது. பாறையிலிருந்தே கரைந்து வருவது. சண்டை போடக்கூட ஆளில்லை.

குடிக்கக் கூடாது என்பதற்கு அடையாளமாகப் பம்புக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்தோம். குடத்தோடு நின்ற பாட்டிக்குக் கழுத்து திரும்பவில்லை. உடம்போடு சேர்ந்து திரும்பித்தான் என்னைப் பார்த்தார்.

"காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும்தானே, தம்பி?"

ஆகாது. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான். புளோரைடு பாத்திரத்திலேயே தங்கிவிடும். காய்ச்சக் காய்ச்ச அடர்த்திதான் கூடும். பேரப்பிள்ளைகளுக்காக விறகு சுமந்து வந்து காய்ச்சுகிறவரிடம் இதைச் சொல்ல நா எழவில்லை. ஆனாலும் சொன்னேன்.

"அப்படியென்றால் எதைக் குடிப்பது?"

என் பெட்டியில் அதற்கு மருந்தில்லை. அடுத்த ஊரில் இரண்டு மாதிரி எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அவருடைய பேரன் வண்டிவரை கூட வந்தான். முன்பற்களில் பழுப்புக் கோடுகள். பல் துலக்காமல் வருகிறான் என்று பள்ளியில் திட்டுகிறார்களாம். செங்கல் பொடி போட்டுத் தேய்க்கிறானாம். பல் முளைக்கும் முன்பே உள்ளே படிந்த கறை, தேய்த்தால் எப்படிப் போகும்? அவனுக்காக ஒரு கடிதம் எழுதி ஆசிரியரிடம் கொடுக்கச் சொன்னேன். அந்த வேலையில் உருப்படியாக நான் செய்தது அதுவாகத்தான் இருக்கும்.

2013இல் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் செயல்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணீர் மாவட்டம் நெடுகக் குழாயில் ஏறியது. பெரிய காரியம், மறுக்க மாட்டேன். அதற்குச் சில வருடம் கழித்து அந்த ஊர் வழியாகப் போனேன். தெருவில் குழாய் இருந்தது. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் என்றார்கள்.

பழைய பம்பும் அங்கேயே நின்றது. உடம்பெல்லாம் நாங்கள் அடித்த சிவப்பு மங்காமல் இருந்தது. கைப்பிடியில் மட்டும் பெயிண்ட் தேய்ந்து, இரும்பு பளபளத்தது.