கேபின் க்ரூ பயிற்சி: கதவைத் திறக்கக் கற்றுக்கொள்வது

கேபின் க்ரூ வேலைக்குத் தேர்வானவர்கள் கொண்டை, மேக்கப், அறிவிப்பு உச்சரிப்பு பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். அதெல்லாம் பழகப் பழக வந்துவிடும். ஆளை வடிகட்டுவது எஸ்இபி எனப்படும் பாதுகாப்புப் பயிற்சி; அதிலும் குறிப்பாக டோர் ட்ரில், அதாவது கதவைக் கையாளும் பயிற்சி. இந்தியாவில் பலரும் ஏ320 ரக விமானத்தில்தான் தொடங்குகிறார்கள் என்பதால் அதை வைத்தே எழுதுகிறோம். சொற்களும் வரிசையும் நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும். உங்கள் மேனுவல் சொல்வதே இறுதி.

கதவை ஆர்ம் செய்வது என்றால், கதவோடு மடித்து வைத்திருக்கும் ஸ்லைடை (அவசரத்தில் பயணிகள் சறுக்கி இறங்குவதற்கான, காற்று நிரம்பி விரியும் சறுக்கு) விமானத்தின் தரையோடு பிணைப்பது. பிணைத்திருக்கும்போது கதவைத் திறந்தால் ஸ்லைடு வெளியே விரியும். சேஃப்டி பின்னை உருவி, லீவரை ஆர்ம்டு நிலைக்குக் கொண்டுபோய், பின்னை அதற்கான துளையில் செருகிவிட்டு, எதிர்க் கதவும் சரியாக இருக்கிறதா என்று க்ராஸ் செக் செய்ய வேண்டும். தரையிறங்கி விமானம் நின்றதும் இதே வேலை தலைகீழாக நடக்கும். அப்போது பின்னில் தொங்கும் சிவப்புப் பட்டை கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும்.

சாதாரணமாகத் திறக்கும்போது கைப்பிடியை ஒரே மூச்சில் தூக்கக் கூடாது. சற்றே தூக்கி, ஜன்னலருகே உள்ள விளக்குகளைப் பாருங்கள். வெள்ளை விளக்கு எரிந்தால் ஸ்லைடு இன்னும் ஆர்ம் ஆகியிருக்கிறது. கைப்பிடியை உடனே கீழே இறக்கிவிடுங்கள். சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் உள்ளே காற்றழுத்தம் மிச்சம் இருக்கிறது. கதவைத் தொடாமல் காக்பிட்டுக்குச் சொல்லுங்கள். வெளியிலிருந்து திறந்தால் ஸ்லைடு தானாகவே டிஸ்ஆர்ம் ஆகிவிடும், அதாவது பிணைப்பு விடுபட்டுவிடும். உள்ளிருந்து திறப்பவர்தான் கவனிக்க வேண்டும். தவறுதலாக ஸ்லைடு விரிவது பெரும்பாலும் களைப்பில், பேச்சு சுவாரசியத்தில், பழக்கத்தில் கை தானாகப் போவதால் நடக்கிறது. கீழே ஏணியருகே நிற்பவருக்குப் பலத்த அடிபடலாம், விமானமும் தாமதமாகும். ஒவ்வொரு படியையும் விரலால் சுட்டி வாய்விட்டுச் சொல்லிச் செய்வதுதான் இதற்கு மருந்து.

அவசரத்தில் திறப்பது வேறு கதை. முதலில் ஜன்னல் வழியே வெளியே பார்க்க வேண்டும்: தீ, புகை, தண்ணீர், தடை ஏதாவது உண்டா? இல்லையென்றால், லீவர் ஆர்ம்டில் இருப்பதை உறுதிசெய்து, கைப்பிடியை முழுக்கத் தூக்குங்கள். கதவு தானாகவே விசையுடன் திறக்கும். பக்கத்துக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, காற்று நிரப்பும் சிவப்புப் பிடியை இழுங்கள். ஸ்லைடு முழுதாக விரிந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே ஆளை அனுப்ப வேண்டும்.

மாக்-அப்பில் (பயிற்சிக்கான மாதிரி விமான அறை) பலர் தவறுவது இந்த முதல் படியில்தான். ஜன்னலில் தீயைக் காட்டியிருப்பார்கள். பதற்றத்தில் பார்க்காமலே கதவைத் திறந்துவிடுவார்கள். அங்கே சரியான விடை திறக்காமல் இருப்பது. கதவை மறித்து நின்று, கூட்டத்தை வேறு வழிக்குத் திருப்ப வேண்டும். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 தீப்பிடித்தபோது, 8 கதவுகளில் 3 மட்டுமே பயன்பட்டன. உள்ளே இருந்த 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். அறிவிப்புக் கருவி வேலை செய்யாததால் மெகாஃபோனும் குரலுமே துணை. திறக்காமல் விட்ட கதவுகளுக்கும் அந்த உயிர்களைக் காத்ததில் பங்கு உண்டு என்றே நாங்கள் நினைக்கிறோம்.

ஆகவே குரலைப் பழக்குங்கள். "சீட் பெல்ட்டைக் கழற்று, பையை விடு, இந்தப் பக்கம் வா" என்ற பொருளில் வரும் கட்டளைகளை அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். ப்ளீஸ் என்பதற்கு அங்கே இடமில்லை. மென்மையாகப் பேசிப் பழகியவர்கள் மொட்டைமாடியில் நின்று கத்திப் பார்ப்பது நல்லது. பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி 90 விநாடிக்குள் எல்லோரையும் வெளியேற்றிக் காட்டினால்தான் ஒரு விமான வகைக்குச் சான்றே கிடைக்கும். அந்த அவசரம் உங்கள் குரலில் கேட்க வேண்டும்.

தீயணைப்பில் இப்போது அதிகம் கேட்கப்படுவது செல்போன், பவர் பேங்க் பேட்டரி. விமானத் தீயணைப்பானில் உள்ள ஹாலான் வாயு சுடரை அடக்கும், ஆனால் சூட்டைத் தணிக்காது. பேட்டரிக்குள் இருக்கும் பக்கத்து செல்கள் மறுபடி பற்றிக்கொள்ளும். அதனால் சுடர் அடங்கியதும் தண்ணீரோ ஆல்கஹால் இல்லாத பானமோ ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஐஸ் வைக்கக் கூடாது, போர்வையால் மூடவும் கூடாது. இரண்டுமே சூட்டை உள்ளே பூட்டிவைக்கும்.

முதலுதவியில் சிபிஆர் (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தி, மூச்சு ஊதுவது) கணக்கு 30 அழுத்தம், 2 மூச்சு. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்ற வேகம். தண்ணீர்ப் பயிற்சியில் லைஃப் ஜாக்கெட்டைக் கதவைத் தாண்டும்போதுதான் ஊதவேண்டும். உள்ளேயே ஊதினால், தண்ணீர் ஏறும்போது கூரையோடு ஒட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் போகும்.

பயிற்சி முடிந்து பறக்கத் தொடங்கினாலும் கேள்விகள் நிற்காது. விமானம் ஏறுமுன் நடக்கும் ஒவ்வொரு ப்ரீஃபிங்கிலும் பாதுகாப்புக் கேள்வி வரும். பதில் தெரியாதவரை அன்றைய விமானத்தில் ஏற்றாமல் விடலாம். முந்தைய இரவே உங்கள் இருக்கை எண்ணுக்கான கதவு எது, ஆக்ஸிஜன் பாட்டில், ஸ்மோக் ஹுட் (புகையில் மூச்சுவிட உதவும் தலைமூடி), டார்ச் எங்கே என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். டேக்-ஆஃபுக்கு முன் ஜம்ப் சீட்டில் (க்ரூவுக்கான மடக்கு இருக்கை) அமர்ந்ததும் அதையே மனத்துக்குள் ஓட்டிப் பாருங்கள்.