ஒரே ஓவியத்தை வைத்து ஒரு காலகட்டத்தைப் படித்த அனுபவம்

கலை வரலாற்றுத் தாளுக்குப் படிப்பவர்கள் பெரும்பாலும் ஓவியர் பெயர், ஆண்டு, பாணி என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். விரிவான விடை கேட்டால் அந்தப் பட்டியல் நான்கு வரியில் தீர்ந்துவிடும். பி.எஃப்.ஏ. (நுண்கலைப் பட்டம்) படித்தபோது எனக்குக் கைகொடுத்தது வேறு வழி. ஒரு காலகட்டத்துக்கு ஒரே ஓவியத்தை எடுத்துக்கொண்டு, அதை முழுசாகப் பார்ப்பேன். போஸ்ட்-இம்ப்ரெஷனிசத்துக்கு, அதாவது இம்ப்ரெஷனிச ஓவியர்களுக்கு அடுத்து பிரான்சில் வந்த காலகட்டத்துக்கு, நான் எடுத்தது பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூராவின் ‘அஸ்னியேரில் நீராடுவோர்’ (1884). அஸ்னியேர் பாரிஸை ஒட்டிய ஓர் ஆற்றங்கரை ஊர்.

முதலில் புத்தகத்தைத் திறக்காதீர்கள், படத்தைப் பாருங்கள். லண்டன் நேஷனல் கேலரியின் இணையதளத்தில் அதைப் பெரிதாக்கிப் பார்க்க முடியும். நோட்டில் 2:3 அளவில் ஒரு சட்டகம் போட்டு, கரை எங்கே சரிகிறது, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். படம் அழகாக வர வேண்டியதில்லை. அப்படி வரைந்தபோதுதான், இதில் ஒருவரும் மற்றவரைப் பார்க்கவில்லை என்பது எனக்குப் பட்டது. எல்லோரும் வலப்பக்கம், சேன் நதியை நோக்கியே இருக்கிறார்கள். சிவப்புத் தொப்பிச் சிறுவன் கைகளைக் குவித்து யாரையோ கூப்பிடுகிறான். அந்த யாரோ படத்தில் இல்லை. இந்த ஓவியத்தின் அமைதி எனக்கு அங்கேதான் பிடிபட்டது.

அப்புறம் தூரத்தில் கிளிஷி தொழிற்சாலைகளின் புகைபோக்கிகள். கரையில் இருப்பவர்கள் ஓய்வு நேரத்தில் வந்த சாதாரண மக்கள். கித்தானோ ஏறக்குறைய 2 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம். புராணக் காட்சிகளுக்கும் அரசர்களுக்கும் ஒதுக்கப்பட்ட அந்த அளவை இவர்களுக்குக் கொடுத்தபோது சூராவுக்கு வயது 24. அந்த ஆண்டு சலோன் என்ற பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியின் நடுவர்கள் ஓவியத்தை நிராகரித்தார்கள். சுயேச்சை ஓவியர்களின் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. அளவையும் நிராகரிப்பையும் சேர்த்து எழுதினால் விடைக்குத் தானாகவே ஒரு வாதம் வந்துவிடும்.

வண்ணத்துக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள், இந்த ஓவியத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. நடுவில் உட்கார்ந்திருக்கும் இளைஞனின் முதுகில் வெயில் படுகிறது. அந்த முதுகை ஒட்டிய தண்ணீரைச் சூரா சற்று இருட்டாக்கி, நிழல் விழும் முன்பக்கத்தை ஒட்டிய தண்ணீரை வெளிறவிட்டிருக்கிறார். அருகருகே இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் என்று வேதியியலாளர் செவ்ரூல் 1839இல் எழுதிய கருத்து, இங்கே கண்ணெதிரே நடக்கிறது. இந்த ஒரு இடத்தைச் சுட்டி எழுதுவது, கோட்பாட்டை இரண்டு பக்கம் விளக்குவதைவிட மேல்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். சூரா என்றதும் பலர் ‘பாயிண்டிலிசம்’ (சின்னச் சின்ன நிறப் புள்ளிகளாலேயே வரையும் முறை) என்று எழுதிவிடுகிறார்கள். இந்த ஓவியம் அந்த முறைக்கு முந்தையது. புல்லில் தெரிவது குறுக்கும் நெடுக்குமான தூரிகை வீச்சுகள். சிவப்புத் தொப்பி போன்ற சில இடங்களில் காணும் புள்ளிகள் சில ஆண்டுகள் கழித்து அவரே சேர்த்தவை.

ஒப்பிடும் கேள்வி வந்தால் ‘கிராண்ட் ஜாத் தீவில் ஒரு ஞாயிறு பிற்பகல்’ (1884–86) ஓவியத்தை எடுங்கள். அது இப்போது சிகாகோவில் இருக்கிறது. நீராடுவோர் ஓவியத்தின் வலப்பக்கம் எதிர்க்கரையில் தெரிவது அந்தத் தீவுதான். இங்கே எல்லோரும் வலப்பக்கம் பார்க்க, அங்கே குடையும் உயர்ந்த தொப்பியுமாக வந்தவர்கள் பெரும்பாலும் இடப்பக்கம் பார்க்கிறார்கள். இரண்டையும் சின்னதாக வரைந்து அருகருகே ஒட்டிப் படியுங்கள்.