மீன் எண்ணெயா, மீன் ஈரல் எண்ணெயா? மல்டிவைட்டமினோடு சேர்க்கும் முன்

மீன் எண்ணெய் கேப்சூலும் மல்டிவைட்டமினும் ஒன்றோடொன்று சண்டை போடுவதில்லை. பெரும்பாலானோர் ஒரே வேளையில் விழுங்கலாம். சிக்கல் வருவது, மீன் எண்ணெய் என்று நினைத்து மீன் ஈரல் எண்ணெயை வாங்கிவரும்போதுதான்.

மீனின் சதையிலிருந்து எடுக்கும் எண்ணெயில் முக்கியமாக இருப்பவை ஈ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்புகள். காட் லிவர் ஆயில் எனப்படும் ஈரல் எண்ணெயில் இவற்றோடு வைட்டமின் ஏ, டி இரண்டும் இருக்கும். மல்டிவைட்டமினிலும் அதே ஏ, டி. இவை கொழுப்பில் கரைபவை. மிஞ்சியது சிறுநீரில் போய்விடாது, உடம்பிலேயே தங்கும்.

கணக்கு எளிது. பெரியவர்களுக்கு ரெட்டினால் வகை வைட்டமின் ஏ-யின் நாள் உச்சவரம்பு 3000 மைக்ரோகிராம். ஏ அளவு குறைக்கப்படாத ஈரல் எண்ணெயில் ஒரு மேசைக்கரண்டியே சுமார் 4000 மைக்ரோகிராம் தரும். மல்டிவைட்டமினுக்கு அங்கே இடமே இல்லை. லேபிளில் ஐ.யூ. (சர்வதேச அலகு) என்று போட்டிருந்தால் ரெட்டினாலை 0.3-ஆல் பெருக்குங்கள், மைக்ரோகிராம் கிடைக்கும். உடம்பு வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டினை இந்தக் கூட்டலில் சேர்க்க வேண்டாம். வைட்டமின் டி-க்கு வரம்பு 4000 ஐ.யூ.; தனியாக டி மாத்திரை போடுபவர்கள் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் ஈரல் எண்ணெயைத் தொடவே வேண்டாம். ரெட்டினால் மிகுந்தால் சிசுவுக்குப் பிறவிக் குறைபாடு வரலாம்.

இன்னொரு ஏமாற்றம்: டப்பாவின் முகப்பில் 1000 மில்லிகிராம் என்றிருப்பது எண்ணெயின் எடை. சாதாரண கேப்சூலில் ஈ.பி.ஏ. 180, டி.ஹெச்.ஏ. 120, ஆக 300 மில்லிகிராம்தான். அதற்காக நாமாகவே கேப்சூல்களை அடுக்கிக்கொண்டு போகக் கூடாது. நாளுக்கு 4 கிராம் ஒமேகா-3 போன்ற உயர் அளவுகளில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் இதயத் துடிப்புக் கோளாறு கூடுவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

இரண்டையும் கொழுப்புள்ள பெரிய சாப்பாட்டின் நடுவில் போடுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் மல்டிவைட்டமினில் உள்ள இரும்பும் துத்தநாகமும் குமட்டும், எண்ணெய் மீன் ஏப்பமாக மேலே வரும். ஏப்பம் நிற்காவிட்டால் கேப்சூலைக் குளிரவைத்து விழுங்கிப் பாருங்கள். கூடவே டீ, காபி வேண்டாம். இரும்பு உடம்பில் சரியாகச் சேராது.

ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இரண்டில் எதையும் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது. மல்டிவைட்டமினில் இருக்கும் வைட்டமின் கே அந்த மருந்தை மட்டுப்படுத்தும். உயர் அளவு மீன் எண்ணெயோ ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தலாம். தைராய்டுக்கு லெவோதைராக்சின் சாப்பிடுபவர்கள், இரும்பும் கால்சியமும் உள்ள மல்டிவைட்டமினை 4 மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

புது டப்பா திறந்ததும் ஒரு கேப்சூலை வெட்டி முகர்ந்து பாருங்கள். லேசான மீன் வாடை சரி. பழைய பெயின்ட் மாதிரி காறல் அடித்தால் எண்ணெய் சிக்குப் பிடித்துவிட்டது, குப்பையில் போடுங்கள். எலுமிச்சை மணம் சேர்த்த கேப்சூலில் இந்தச் சோதனை செல்லாது, அங்கே நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்க வேண்டும்.