பூட்டிய அறைகளுக்கு நடுவே ஒரு குடித்தனம்

பினாங்கில் பிறந்து, பள்ளிக்கூடம் போய், கல்யாணமாகி, பிள்ளைகளையும் ஆளாக்கி முடித்த எனக்கு இந்தியா வெளிநாடுதான். என் கணவரின் தாத்தா காரைக்குடிக்கு அருகே கல்லல் பக்கத்துக்காரர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி, பினாங்கில் ஒரு செட்டியாரின் கிட்டங்கியில், அதாவது வட்டிக்கடையில், கணக்கெழுதப் போனவர். பிறகு ஊர் திரும்பவே இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் காரைக்குடிப் பக்கம் சில வருஷமாவது இருந்து பார்த்துவிட வேண்டும் என்று கணவருக்கு நெடுநாள் ஆசை. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் நாலு மணி நேரம், அங்கிருந்து புதுக்கோட்டை வழியாகக் காரில் இரண்டு மணி நேரம். சரி, போய்த்தான் பார்ப்போமே என்று கிளம்பிவிட்டோம்.

வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளிக்காரர்களுக்கான ஓ.சி.ஐ. அட்டை எடுத்திருந்ததால் தங்குவதற்குத் தடையில்லை. அந்த அட்டை இருந்தால் வீடு வாங்கலாம்; விவசாய நிலம் வாங்க முடியாது, ஓட்டும் போட முடியாது. ஆதார் வேண்டுமென்றால் முந்தைய 12 மாதத்தில் 182 நாளாவது இங்கே இருந்திருக்க வேண்டும். அதுவரை சிம் கார்டு, கேஸ் இணைப்பு என்று எது கேட்கப் போனாலும் பாஸ்போர்ட்டையும் வாடகை ஒப்பந்தத்தையும் கையிலேயே வைத்திருந்தோம்.

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ஒரு பழைய செட்டிநாட்டு வீடு கிடைத்தது. தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஆனாலும் வாடகைக்கு ஒன்று பிடிப்பது பெரும்பாடு. ஒரு வீட்டுக்கு ஒரு சொந்தக்காரர் என்றில்லை. முகப்பு, நடுவில் திறந்த முற்றமுள்ள வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் பொது. வளவைச் சுற்றியுள்ள அறைகள் மட்டும் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒன்று என்று பிரித்துக்கொண்டவை. நாங்கள் பிடித்த வீட்டின் பங்காளிகள் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர், அமெரிக்கா என்று இருக்கிறார்கள். அத்தனை பேரும் சம்மதித்தால்தான் வாடகை. மூத்தவரான ஐயா ஒருவர் எல்லோரிடமும் பேசிக் கையெழுத்து வாங்கினார். ஒரு ஆச்சி மட்டும் கடைசிவரை மனசில்லாமலே போட்டார்களாம்.

பதினோரு மாத ஒப்பந்தம். பூட்டிய அறைகள் பூட்டியபடியே இருக்கும். வளவில் தினமும் விளக்கேற்ற வேண்டும். பங்காளிகள் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்தால் வளவை ஒழித்துக் கொடுக்க வேண்டும். அப்புறம், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையை வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் மூன்று தடவை சொன்னார். "கொடி வேணும்னா தூணுக்குத் தூண் கட்டிக்குங்கம்மா. சுவத்துல மட்டும் கை வச்சிடாதீங்க." சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து அரைத்து இழைத்துப் பூசிய சுவர். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கன்னத்தை வைத்தால் குளுகுளு என்று இருக்கிறது. ஒரு ஆணி இறங்கினால் சுற்றிலும் பொரிந்து உதிரும். அதே பூச்சைத் திரும்பப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள். எங்கள் குடும்பப் படங்களெல்லாம் இன்றும் அலமாரியின் மேல் சாய்ந்துதான் நிற்கின்றன.

நாங்கள் வந்து சேர்ந்தது ஆடியில். வாடகை வீடுதானே, போய் இறங்கலாம் என்று நினைத்தோம். ஐயா போனிலேயே மறுத்துவிட்டார். "ஆவணி பொறக்கட்டும். பால் காய்ச்சாம உள்ள போகாதீங்க." அதனால் காரைக்குடியில் ஒரு விடுதியில் தங்கிக்கொண்டு, வேண்டிய சாமான்களைப் பார்க்கக் கிளம்பினோம்.

முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனால் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பர்மா தேக்குத் தூண்கள், செதுக்கிய நிலைக்கதவுகள், எனாமல் தூக்குச்சட்டிகள், ஜப்பான் ஓடுகள், ஊறுகாய் ஜாடிகள். எல்லாமே கப்பலில் வந்து ஒரு வீட்டில் சேர்ந்து, அந்த வீடு இடிந்த பிறகு கடைக்கு வந்தவை. என் கணவர் ஒரு நிலைக்கதவின் முன்னால் வெகுநேரம் நின்றார். கஜலட்சுமி நடுவில், இரண்டு பக்கமும் கிளிகள். இதன் வழியாக எத்தனை மருமகள்கள் உள்ளே வந்திருப்பார்கள் என்று கேட்டார். நாங்கள் ஒரு மர ஸ்டூலும் இரண்டு எனாமல் தட்டும் மட்டும் வாங்கினோம். கதவை விலைக்குக் கேட்க இருவருக்கும் மனம் வரவில்லை. கடைக்காரர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் எடுக்காவிட்டால் பலதும் விறகாகியிருக்கும். வருத்தமெல்லாம் வீடு அந்த நிலைக்குப் போக விட்டதில்தான்.

ஆவணியில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினோம். தூத்துக்குடி வழியாக வந்த பெட்டிகளைப் பிரித்தபோதுதான் மலேசியாவில் வாங்கிய எதுவும் இங்குள்ள சுவரில் நுழையாது என்று தெரிந்தது. அங்கே சதுரக் கால் பிளக், இங்கே உருண்டைக் கால். ரைஸ் குக்கருக்கு வயரை மாற்றிக் கொடுத்த எலெக்ட்ரீஷியன் கூலியே வாங்கவில்லை, பினாங்கு மைலோ ஒரு டம்ளர் போதும் என்றார். மின் கட்டணம் இங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் நூறு யூனிட் இலவசம். மாதாமாதம் பராமரிப்பு என்று ஒரு நாள் பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது. வெளியே வெயில் கொளுத்தும்; நாங்கள் வளவுப் பட்டாலையில், அந்த உயர்ந்த திண்ணையில், ஆத்தங்குடித் தரைக்கல் மேல் வெறுந்தரையில் படுத்துக்கிடப்போம். மின்விசிறியைத் தேடத் தோன்றாது.

எதிர்வீட்டு ஆச்சிக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். நாங்கள் வந்த மறுநாளே ஒரு கொட்டானில், பனையோலைக் கூடையில், வெள்ளைப்பணியாரமும், சின்னக் கிண்ணத்தில் வரமிளகாய்த் துவையலும் வந்தன. அவர்கள் அப்பச்சி, அதாவது அப்பா, பினாங்கில் இருந்தவராம். பினாங்குத் தைப்பூசத்தில் வெள்ளி ரதம் எந்தத் தெருவிலிருந்து கிளம்பும், தண்ணீர்மலைக்கு எப்போது போய்ச் சேரும் என்பதெல்லாம் பினாங்கைப் பார்க்காத அவர்களுக்கு மனப்பாடம். கார்த்திகை தீபத்திலிருந்து 21-ஆம் நாள் பிள்ளையார் நோன்பு. "நீங்களும் வாங்க, தனியா என்ன செய்யப் போறீங்க" என்று கூப்பிட்டார்கள். மாவில் நூல் இழைகளாலான திரியைப் பதித்துக் கொளுத்தி, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஐப்பசி மழையைச் சொல்லாமல் இந்த வீட்டைப் பற்றிச் சொல்ல முடியாது. நாலு பக்க ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் வளவு முற்றத்தில் இறங்கும். மூலைக்கு மூலை அண்டாவையும் கிடாரத்தையும் வைத்துப் பிடிப்போம். முதல் பெருமழை பெய்த இரவு, பூட்டிய அறை ஒன்றின் கதவடியிலிருந்து தண்ணீர் கசிந்து வந்தது. சாவி கோயம்புத்தூரில். படம் எடுத்து அனுப்பினேன். அந்தப் பங்காளி கூரியரில் சாவியை அனுப்பிவிட்டு, "நீங்களே திறந்து பாருங்க" என்றார். அண்ணனும் நானும் திறந்தோம். மேலே இரண்டு ஓடு நகர்ந்திருந்தது. தண்ணீர் நேராக ஒரு டிரங்குப் பெட்டியில் விழுந்திருந்தது. உள்ளே கண்டாங்கிச் சேலைகள், அடியில் ஒரு கல்யாணப் பட்டு. சுவரோரமாகக் கரையான் மண் ஏறத் தொடங்கியிருந்தது. வெயில் வந்த அன்று சேலைகளையெல்லாம் வளவில் தூணுக்குத் தூண் கொடி கட்டிக் காயப்போட்டோம். பட்டு ஒன்றுதான் சாயம் இறங்கிவிட்டது.

ஆள் இல்லாத வீடாக இருந்திருந்தால் அந்தத் தண்ணீரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அடுத்த வருஷம் உத்தரம் இற்றிருக்கும், அதற்கடுத்த வருஷம் கூரை இறங்கியிருக்கும். இந்த வீட்டுக்காரர்கள் பலர் தொழில் நடத்திய பர்மாவை 1942-இல் ஜப்பான் படை பிடித்ததும், பின்னால் அங்கே தொழில்கள் அரசுடைமையானதும் இந்த வீடுகளின் வருமானத்தை நிறுத்தின. ஆனால் வீட்டை விழவைப்பது நகர்ந்து கிடக்கும் இரண்டு ஓடும் கரையானும்தான். செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. பெருமைதான். அதோடு, தெருவுக்கு நாலு வீட்டிலாவது அடுப்பு எரிய வேண்டும். விடுதியாக மாற்றத் தோதில்லாத வீடுகளைப் பங்காளிகள் கூடிப் பேசிக் குடித்தனத்துக்கு விடவேண்டும் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வைகாசியில் அந்தக் குடும்பத்தில் ஒரு கல்யாணம். அதற்கு முன் படைப்பு. ஒப்பந்தப்படி வளவை ஒழித்து, நாங்கள் முகப்பு மாடிக்குப் போய்விட்டோம். ஒரே நாளில் பூட்டெல்லாம் திறந்தது. அறைக்கு அறை பேச்சு, அடுப்படியில் கோட்டை அடுப்பு, பிள்ளைகள் வளவைச் சுற்றி ஓட்டம். முன்னோருக்குச் சேலையும் வேட்டியும் வைத்துப் படைத்தார்கள். அது பங்காளிகளுக்குள் நடப்பது என்பதால் நாங்கள் கீழே வரவில்லை. முடிந்ததும் ஐயாவே மேலே வந்து சாப்பிடக் கூப்பிட்டார்.

மனசில்லாமல் கையெழுத்துப் போட்ட ஆச்சியும் வந்திருந்தார்கள். நனைந்த டிரங்குப் பெட்டி அவர்கள் மாமியாருடையதாம். சேலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். "சொந்த வீட்ல வெளியாளு இருக்கறது எனக்கு இன்னமும் ஒப்பலைம்மா" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார்கள். அந்த மனசும் எனக்குப் புரிகிறது. அவர்கள் வாழவந்த வீடு அது. ஊருக்குக் கிளம்பும்போது மட்டும் தங்கள் அறைச் சாவியை என்னிடம் கொடுத்து, மாதம் ஒருமுறை திறந்து காற்றாட விடச் சொன்னார்கள்.

ஒப்பந்தத்தை இன்னொரு பதினோரு மாதத்துக்குப் புதுப்பித்திருக்கிறோம். ஐப்பசிக்குள் ஓடு மாற்றியாக வேண்டும். செலவைப் பங்காளிகள் பகிர்ந்துகொள்கிறார்கள், வேலையைப் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. பழைய ஓடு இறக்கி மாற்றத் தெரிந்த ஆள் பள்ளத்தூரில் ஒருவர் இருக்கிறாராம். நாளைக்குக் கணவரும் அண்ணனும் அவரைப் பார்க்கப் போகிறார்கள்.