எம்.ஏ. தமிழும் 18,000 ரூபாய் தண்டமும்

பழைய நூல்களையும் இதழ்களையும் மின்னாக்கம் செய்யும் ஓர் இடத்தில் அட்டவணை தயாரிக்கும் வேலை. போன வாரம்தான் கடிதம் கைக்கு வந்தது. எம்.ஏ. தமிழ் முடித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அதில் பாதியை நானே தொலைத்தேன் என்கிற எரிச்சல் இன்னும் போகவில்லை.

முதல் தண்டம், டிஜிட்டல் ஆவணப் பயிற்சி என்று பலகை மாட்டியிருந்த ஒரு தனியார் மையம். 18,000 ரூபாய் கட்டினேன். மூன்று மாதமும் போட்டோஷாப்பில் படத்தின் பின்னணியை அழிப்பதும் எக்செல்லில் கூட்டல் போடுவதும்தான். "நூல் விவரம் பதியற மெட்டாடேட்டா எப்ப சார்?" என்று கேட்டால் "அடுத்த வாரம்மா" என்பார் பயிற்சியாளர். அந்த வாரம் வரவேயில்லை.

அடுத்தது என் சொந்தக் கூத்து. ஆய்வேட்டைப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்துப் பழகிய கை, பயோடேட்டாவையும் அதிலேயே அடித்து மூன்று இடங்களுக்கு வேர்டு கோப்பாக அனுப்பியது. இரண்டு மாதம் பதிலே இல்லை. ஓர் இடத்துக்குப் போன் செய்தேன். எடுத்த அக்கா சிரித்துவிட்டார். அவர்கள் கணினியில் அந்த எழுத்துரு கிடையாது. பாமினி இல்லாத இடத்தில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதானே தெரியும்? அப்படி முழுசாக இரண்டு பக்கம். டிஜிட்டல் வேலை கேட்ட லட்சணம் இது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடில் அடியுங்கள், பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

அந்த அக்காதான் வழியும் சொன்னார்: "சர்டிபிகேட் கிடக்கட்டும்மா, செஞ்ச வேலை ஏதாவது இருந்தா காட்டு." அன்று ராத்திரியே, பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் இணையத்தில் ஏற்றும் தமிழ் விக்கிமூலத்தில் கணக்குத் தொடங்கி மெய்ப்புப் பார்க்க உட்கார்ந்தேன். இன்னும் மெய்ப்புப் பார்க்காத சிவப்புப் பக்கத்தைத் திருத்தினால் மஞ்சளாகும், இன்னொருவர் சரிபார்த்தால் பச்சையாகும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகம் என்றால், யானைத் துதிக்கைபோல் கொம்பு போட்ட பழைய 'லை', 'னை' எல்லாவற்றிலும், படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் மென்பொருள் உளறி வைத்திருக்கும். பழைய பதிப்புகளைப் படித்துப் பழகிய கண்ணுக்கு அது பெரிய விஷயமில்லை. நான்கு மாதத்தில் செய்ததெல்லாம் தேதியோடு என் பங்களிப்புப் பட்டியலில் நின்றது. அந்தச் சுட்டியைப் பயோடேட்டாவின் முதல் வரியில் போட்டேன். பத்தே நாளில் அழைப்பு. செலவு ஒரு பைசா இல்லை.

தேர்வு மூன்று மணி நேரம். பத்துப் பழைய நூல்களுக்குத் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு என்று விவரம் பதியும் டப்ளின் கோர் முறையின் புலங்களை நிரப்ப வேண்டும். இரண்டு இடத்தில் சறுக்கினேன். எக்செல்லில் வெறும் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பு) என்று சேமித்ததில் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியானது. யூனிகோடு எழுத்தை அப்படியே காக்கும் சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்று இருப்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இருபது நிமிஷ வேலை போச்சு. அப்புறம் 'ஔவையார்'. ஒற்றை எழுத்தான ஔ-வுக்குப் பதில் ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்துவிட்டேன். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், தேடினால் அகப்படாது.

கைகொடுத்தது ஏழாவது நூல். தலைப்புப் பக்கத்தில் 'சுக்கில வருஷம் ஆவணி' என்பதோடு சரி, ஆங்கில ஆண்டு இல்லை. அறுபது வருஷச் சுற்றில் அது 1869ஆக இருக்கலாம், 1929ஆக இருக்கலாம், 1989ஆகவும் இருக்கலாம். விலை நான்கணா என்பதால் 1989 அடிபட்டது. பின்னட்டையைத் திருப்பினேன். கிராமபோன் பிளேட்டு விளம்பரம்! 1869இல் ஏது கிராமபோன்? 1929 என்று சதுர அடைப்புக்குள் போட்டேன். நூலில் அச்சாகாமல் நாமாக ஊகித்த ஆண்டை அப்படித்தான் போட வேண்டும். நேர்முகத்தில் அதைப் பற்றித்தான் பாதி நேரம் கேட்டார்கள். போட்டோஷாப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை.

வேலையில் சேரப் பட்டச் சான்றிதழின் அசல் வேண்டுமாம். என்னிடம் இருப்பதோ புரொவிஷனல். நேற்று பல்கலைக்கழகத்துக்குப் போனால், விண்ணப்பத்தில் துறைத் தலைவர் கையெழுத்து இல்லை என்று ஜன்னலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். துறைக்குப் போனால் அவர் விடுப்பில். திங்கட்கிழமை மறுபடியும் பஸ் ஏற வேண்டும்.