காற்று இறங்கி வரும் வழி

ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரில் நான் குடியிருக்கும் வீடு, மலைச்சரிவின் பாதி உயரத்தில் இருக்கிறது. பேருந்திலிருந்து இறங்கினால் வீடு வரை படிகள்தான். ஒரு காலத்தில் திராட்சைத் தோட்டங்களுக்குப் போய்வர அமைத்த படிக்கட்டுகள் இவை. இந்த ஊரில் இப்படி 400க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. ஜூலை மாதத்தில், வெயில் கொளுத்திய ஒரு நாளின் இரவு பத்து மணி வாக்கில் இந்தப் படிகளில் ஏறுகிறவர்களுக்கு ஓர் அனுபவம் காத்திருக்கும். கீழே தெருவில் சுவர்கள் பகலில் குடித்த வெப்பத்தை இன்னும் வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அருகில் நடந்தாலே அனல் தெரியும். எழுபது, எண்பது படிகள் ஏறியதும் கணுக்காலில் மட்டும் சில்லென்று ஏதோ படும். முகத்தில் அப்போதும் புழுக்கம்தான். மேலும் ஏற ஏற அந்தக் குளிர்ச்சி முழங்காலைத் தொட்டு, இடுப்பு வரை வந்து, மேல் திருப்பத்தில் உள்ள புல்வெளியை அடையும்போது உடம்பு முழுவதையும் சூழ்ந்துகொள்ளும். தண்ணீருக்குள் இறங்குவது போன்ற உணர்வு அது; ஆனால் இறங்குவதற்குப் பதிலாக நாம் ஏறிக்கொண்டிருப்போம்.

இதற்குக் காரணம் எளிமையானது. வானம் தெளிந்திருக்கும் இரவில், புல்வெளியும் வயலும் தம் வெப்பத்தை விண்ணை நோக்கி விரைவாக இழக்கின்றன. தரை குளிரும்போது அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. எனவே அது சரிவில் நீரைப் போலவே பள்ளத்தை நாடி வழிந்து ஓடுகிறது. அதன் வேகம் மனிதன் மெதுவாக நடக்கும் வேகம்தான். அவ்வளவு மென்மையான ஓட்டம் என்பதால், குறுக்கே ஒரு நீளமான கட்டடம் நின்றால் போதும், வாய்க்காலில் வரப்புக் கட்டியது போல அது தேங்கிவிடும்.

ஷ்டுட்கார்ட்டுக்கு இந்த ஓட்டம் உயிர்நாடி. நகரின் மையம் ஒரு கிண்ணத்தின் அடியில் கிடக்கிறது. சுற்றிலும் குன்றுகள், வடகிழக்கில் மட்டும் நெக்கர் ஆற்றுப் பள்ளத்தாக்கை நோக்கிய திறப்பு. இங்கே பொதுவாகவே காற்று குறைவு. கிண்ணத்தில் தேங்கும் புகையையும் வெப்பத்தையும் இரவில் கழுவிவிடுவது, குன்றுகளிலிருந்து இறங்கும் இந்தக் குளிர்காற்றுதான். இதை உணர்ந்த நகராட்சி 1938ஆம் ஆண்டிலேயே ஒரு வானிலை அறிஞரைத் தன் பணியில் அமர்த்தியது. நகரத் தட்பவெப்பத்துக்கென அன்று தொடங்கிய பிரிவு இன்றும் இயங்குகிறது. உலகம் முழுவதும் நகரமைப்பு படிப்பவர்கள் இந்த ஊரை எடுத்துக்காட்டாகச் சொல்வது, இங்குள்ள கார் தொழிற்சாலைகளுக்காக அல்ல, இந்த ஒரு பிரிவுக்காகத்தான்.

அந்தப் பிரிவின் உழைப்பு, யாரும் பார்க்கக்கூடிய வரைபடங்களாகக் கிடைக்கிறது. 2008இல் வெளியான தட்பவெப்ப வரைபடத் தொகுப்பு, ஷ்டுட்கார்ட்டையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்து 179 உள்ளாட்சிகளை உள்ளடக்கியது. அதில் இரண்டு வகை வரைபடங்கள் உண்டு. முதலாவது, உள்ளதை உள்ளபடி காட்டுவது: எங்கே வெப்பம் தேங்குகிறது, எங்கே குளிர்காற்று பிறக்கிறது, எந்தப் பள்ளம் வழியாக அது இறங்குகிறது என்பதை நிறங்களும் அம்புக்குறிகளும் சொல்லும். இரண்டாவது, அந்த அறிவைத் திட்டமிடுவோரின் மொழிக்கு மாற்றுவது: இந்த இடத்தில் கட்டினால் பாதிப்பு பெரிது, இங்கே கட்டலாம் ஆனால் இடைவெளி வேண்டும், இங்கே ஏற்கெனவே நெருக்கடி முற்றிவிட்டது, பசுமையைக் கூட்டுங்கள் என்று அது பகுதி பகுதியாகப் பிரித்துச் சொல்கிறது. முதல் வரைபடத்தை எந்தப் பல்கலைக்கழகமும் தயாரித்துவிடும். இரண்டாவதுதான் அரிது என்பது என் கருத்து. அறிவியல் அங்கேதான் ஊருக்குப் பயன்படும் பொருளாக மாறுகிறது.

இங்கே புதிதாக ஒரு பகுதிக்குக் கட்டடத் திட்டம் வகுத்தால், அதைப் பொதுமக்கள் பார்வைக்கு ஒரு மாத காலம் வைக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் குடியிருப்புக்கு அருகில் வரவிருந்த ஒரு திட்டத்தை நானும் போய்ப் பார்த்தேன். தடித்த கோப்பின் நடுவே, தட்பவெப்பம் குறித்த சில பக்கங்கள் இருந்தன. கட்டடங்களின் நீளவாக்குப் பக்கம் சரிவுக்குக் குறுக்கே அமையாமல், காற்று இறங்கும் திசையோடு இணையாக அமைய வேண்டும் என்று அவற்றில் எழுதியிருந்தார்கள். தட்டைக் கூரைகளில் செடி வளர்க்க வேண்டும் என்றும் இருந்தது. இரவு பத்து மணிக்கு என் கணுக்காலில் படும் அந்தச் சில்லென்ற காற்று, ஓர் அரசுக் கோப்பில் அம்புக்குறியாகவும் நிபந்தனையாகவும் நிற்பதைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே நெகிழ்ச்சியாக இருந்தது.

மரங்களைப் பற்றி இங்கே கற்றுக்கொண்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். நகரம் சூடாகிறது என்றவுடன் நம் மனம் மரம் நடுவதை நோக்கிப் போகிறது. தெருவில் நடப்பவருக்கு நிழலைப் போன்ற நன்மை வேறில்லை. ஆனால் குளிர்காற்று இறங்கும் தடத்தின் குறுக்கே அடர்ந்த மரவரிசையை நட்டால், அதுவும் ஒரு சுவராகவே வேலை செய்யும். அந்தத் தடங்களில் திறந்த புல்வெளிதான் வேண்டும். ஆகவே எங்கே நிழல், எங்கே திறப்பு என்பதை முடிவு செய்ய, முதலில் காற்றின் வழி தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாம் இங்கே சரியாக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. தட்பவெப்பப் பிரிவின் கருத்து, வீட்டுத் தேவை, வருவாய், போக்குவரத்து ஆகியவற்றோடு சேர்த்து எடைபோடப்படும் பலவற்றுள் ஒன்றுதான். அது எப்போதும் வெல்வதில்லை. கிண்ணத்தின் அடியில் உள்ள நெக்கர்டோர் சாலைச் சந்திப்பு பல ஆண்டுகள் நுண்துகள் மாசுக்காக நாடெங்கும் பேசப்பட்டது. 2019 ஜனவரியில் பழைய டீசல் கார்களுக்கு நகரில் தடை விதிக்கும் நிலை வந்தது. புதிய ரயில் நிலையத்துக்காக அரண்மனைப் பூங்காவின் பெருமரங்கள் 2012 பிப்ரவரியில் வெட்டப்பட்ட வடு, இந்த ஊர்க்காரர்களின் பேச்சில் இன்னும் இருக்கிறது. ஆயினும் இழப்பது என்ன என்று தெரிந்தே இங்கே முடிவெடுக்கிறார்கள். பல நகரங்களில் அந்தக் கணக்கே கோப்பில் இருப்பதில்லை.

ஹாங்காங் இந்தப் பாடத்தை மிகுந்த துயரத்துக்குப் பிறகு கற்றது. 2003இல் சார்ஸ் நோய் பரவியபோது, நெருக்கியடித்த அடுக்குமாடிகளுக்கு நடுவே காற்றோட்டமே இல்லாத நிலை விவாதமானது. 2006 முதல் பெரிய அரசுத் திட்டங்களுக்குக் காற்றோட்ட மதிப்பீடு செய்யும் முறை அங்கே வந்தது. கடற்கரையை ஒட்டித் திரைபோல் நீளும் கட்டட வரிசைகள் உள்ளே வரும் காற்றை மறிக்கின்றன என்பதால், கட்டடங்களுக்கு இடையே திறப்பு விடும் விதிகளும் பின்னர் சேர்ந்தன.

ஹாங்காங்கைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நான் பிறந்து வளர்ந்த சென்னைதான் கண்முன் வருகிறது. அங்கே மலையிலிருந்து இறங்கும் காற்று இல்லை. கடலிலிருந்து ஏறி வரும் காற்று உண்டு. கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே நுழைந்தால் வெப்பம் அடங்கும். மேற்குக் காற்று வலுத்து அதைத் தடுத்து நிறுத்தும் நாட்களில்தான் மீனம்பாக்கத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. தென்றல், வாடை, கொண்டல், கோடை என்று நான்கு திசைக் காற்றுக்கும் தனித்தனியே பெயர் வைத்த மொழி நம்முடையது. ஆனால் கடற்காற்று எந்தத் தெருக்கள் வழியாக எவ்வளவு தூரம் உள்ளே போகிறது, எந்தக் கட்டட வரிசையில் முட்டி நிற்கிறது, பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இரவில் சுற்றுப்புறத்துக்கு என்ன செய்கிறது என்பவை, கட்டட அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு கோப்போடும் ஒப்பிட்டுப் பார்க்கும் வரைபடமாக அதிகாரியின் மேசையில் இருக்க வேண்டும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ அது வழி செய்கிறது. சென்னைப் பெருநகருக்கான மூன்றாவது முழுமைத் திட்டம் உருவாகிவரும் இந்த நேரத்தில், அந்த வரைபடத்தையும் அதைப் படித்துச் சொல்ல ஒரு வானிலை அறிஞருக்கு அனுமதிப் பிரிவிலேயே ஒரு நாற்காலியையும் நாம் கேட்க வேண்டும். ஷ்டுட்கார்ட் 1938இல் தொடங்கியதும் அந்த ஒரு நாற்காலியில்தான்.